சுற்றும் கம்பும் சுழலும் காலும்

நம் தோட்டப்புறங்களில் சிலம்பம் என்னும் பெயரைவிடக் கம்பு சுற்றுதல் என்னும் பெயரே மக்கள் வாயில் மிகுதியாய் வழங்கி வந்திருக்கின்றது. அடிப்பதற்கும் குத்துவதற்கும் உரிய ஓர் ஆயுதத்தைக் கைக்கொண்டு பயிலும் கலைக்கு அடித்தல் என்றோ குத்துதல் என்றோ பெயர் வையாமல், சுற்றுதல் என்று வைத்தவர் யாவராயினும், அவர் அக்கலையின் உயிர்நிலையை உணர்ந்தே வைத்தார் என்று கொள்ளவேண்டும். அது புலவர் இட்ட பெயரன்று; கம்பைப் பிடித்துக் கை காய்த்தவர் இட்ட பெயர்.

ஆயினும் இச்சுற்று எதன்பொருட்டு என்று இக்காலத்தில் வினவினால் இருவகை விடைகளே கிடைக்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் நின்று பார்ப்பவர், கண்ணுக்கு அழகாயிருப்பதற்காக என்பர். ஆசான் என்று தம்மை அழைத்துக்கொள்வோருள் சிலர், அகத்தியர் அருளிய இரகசியம் என்றும் உடலைச் சுற்றி எழும் சக்தி வளையம் என்றும் கூறி, மேலும் கேட்பவனை அவிசுவாசி என்று ஒதுக்கிவிடுவர். முன்னவர் கலையைக் கூத்தாக்கினர். பின்னவர் அதனைப் பூசையாக்கினர். அடி வாங்கப்போகின்ற ஒருவன் அவ்வடியினின்று தப்பும்பொருட்டுக் கண்டறிந்த கணக்கு இது என்னும் எளிய உண்மை இருவர் கையிலும் அகப்படவில்லை.

இக்கணக்கைத் தமிழர் மட்டுமே கண்டனர் என்று மார்தட்டுவதற்கும் இடமில்லை. ஈப்போவிலும் தைப்பிங்கிலும் விடியற்காலையில் பூங்காவுக்குச் செல்வோர், சீன முதியோர் பலர் கூடி நின்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய பூசணிக்காயைத் தடவிக்கொடுப்பதுபோல் மெல்ல மெல்லக் கைகளை உருட்டுவதைக் கண்டிருப்பர். அது தாய்ச்சி. அதனினும் சுழற்சியையே முழுமுதலாய்க் கொண்ட மற்றொரு கலை வடசீனத்தில் தோன்றியது. அதற்குப் பாகுவா சாங் என்று பெயர். தரையில் ஒரு வட்டம் இருப்பதாய்க் கற்பித்துக்கொண்டு அதன் விளிம்பில் நாள்தோறும் நெடுநேரம் நடப்பதே அதன் முதற்பயிற்சியாகும். முழங்கால் சிறிது மடிந்திருக்கும். இடுப்பும் தோளும் வட்டத்தின் நடுவை நோக்கித் திருகியிருக்கும். எதிரி அந்நடுவிலே நிற்பதாய்க் கருதி உள்ளங்கைகள் அவனை நோக்கி நீண்டிருக்கும். செக்குமாட்டு நடை என்று நம்மவர் நகைக்கலாம். செக்குமாட்டுக்கும் இவனுக்கும் உள்ள வேற்றுமை, இவன் எந்தக் கணத்திலும் திரும்பி எதிர்த்திசையில் நடக்கக் கூடியவன் என்பதே. அத்திருப்பத்தைப் பழகுவதற்காகவே அந்நடை ஏற்பட்டது.

இக்கலையைப் பரப்பியவர் தோங் ஹாய்சுவான் என்பவர். ஹெபெய் மாகாணத்திற் பிறந்து, பெய்ஜிங் நகரில் சூ என்னும் இளவரசரின் மாளிகையில் ஊழியஞ் செய்து, 1882இல் மறைந்தார். மலையில் ஒரு மாயத்துறவியைக் கண்டு வித்தை பெற்றார் என்பது அவரைப்பற்றிய கதை. 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் காங் கெவூ என்னும் சீன ஆராய்ச்சியாளர் கதைகளையும் கல்வெட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, தாவோ சமயத்தார் சிலரிடம் தியானமுறையாயிருந்த வட்டநடையை எடுத்துத் தாம் முன்னரே அறிந்திருந்த போர்முறைகளோடு தோங் தாமே இணைத்தார் என்னும் முடிவுக்கு வந்தார். தொடக்கத்தில் அதற்கு வழங்கிய பெயர் ‘திருப்பும் கை’ என்னும் பொருளுடையது. எட்டுக் கோட்டுருவங்களைக் குறிக்கும் பாகுவா என்னும் பெயரும், அதனோடு ஒட்டிய பிரபஞ்ச தத்துவங்களும் பிற்பாடு ஏற்றப்பட்டவை. உழைப்பாளி இட்ட பெயரைப் பண்டிதர் மாற்றும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்.

தோங்கிடம் வந்த மாணவர் பலர் முன்பே வேறு வித்தைகளில் தேர்ந்தவர். யின் ஃபூ என்பவர் குத்துமுறை அறிந்தவர். செங் திங்ஹுவா என்பவர் மூக்குக்கண்ணாடி வியாபாரி, மல்லிலே வல்லவர். ஒவ்வொருவர்க்கும் அவரவர் அறிந்ததையே வட்டத்தில் வைத்துத் திருத்திக் கொடுத்தார் தோங். ஆதலால் யின் வழியில் வந்தவர் தாக்குதலையும் செங் வழியில் வந்தவர் பிடித்தெறிதலையும் மிகுதியாய்ப் பயில்கின்றனர். 1900இல் பன்னாட்டுப் படைகள் பெய்ஜிங்கிற்குள் புகுந்தபோது செங் ஜெர்மானியச் சிப்பாய்களின் துப்பாக்கிக்கு இரையானார். துப்பாக்கிக் குண்டின் நேர்க்கோட்டுக்கு முன் எந்த வட்டமும் நிற்காது என்பதைப் பாகுவாவின் தலைமாணாக்கருள் ஒருவருடைய மரணமே காட்டிவிட்டது. சக்தி வளையம் பேசுவோர் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒருவனைச் சுற்றி நடப்பதனால் சண்டையில் என்ன பயன்? கணக்கறிந்தவன் உடனே ஒரு தடை எழுப்புவான். நடுவில் நிற்பவன் நின்ற இடத்திலேயே குதிகாலைத் திருப்பினாற் போதும். சுற்றுகின்றவனோ நெடுந்தூரம் நடக்கவேண்டும். ஐந்தடி தொலைவில் நின்றுகொண்டு எதிரியின் முகப்பினின்று அவன் பக்கவாட்டுக்குச் செல்ல, ஏறக்குறைய 8 அடி தூரத்தைக் கடக்கவேண்டும். அதற்குள் அவன் கால்வட்டம் திரும்பிவிடுவான். சுற்றுகின்றவன் களைப்பான், நிற்கின்றவன் சிரிப்பான். இந்தத் தடை முற்றிலும் நியாயமானது. பாகுவா பயில்வோருள்ளும் இதற்கு விடையறியாமல் மைதானத்தில் வெறுமனே சுற்றுவோர் உளர்.

விடை தூரத்திலே இருக்கின்றது. அதே கால்வட்டத்தை இரண்டடி தொலைவில் செய்தால் நடக்கவேண்டிய தூரம் 3 அடியே. அஃதாவது ஒரே எட்டு. எதிரியின் கையோடு தன் கை தொட்டு நிற்கும் நெருக்கத்தில், அவன் குத்து வருகின்ற கோட்டைவிட்டு ஓர் எட்டு வளைந்து வைத்தால், அவன் தோளுக்கு வெளியே நிற்கலாம். அவ்விடத்தில் அவனுடைய ஒரு கை தன்னால் தடுக்கப்பட்டிருக்கும். மறு கைக்கு அவன் உடம்பே குறுக்கே நிற்கும். இவனுக்கோ இரு கைகளும் பயன்படும். சண்டையில் முழுவட்டம் நடப்பது எவருடைய நோக்கமுமன்று. வட்டத்தின் ஒரு துண்டை, அதுவும் மிகச் சிறிய துண்டை, தக்க கணத்தில் வெட்டி எடுத்துக்கொள்வதே நோக்கம். மணிக்கணக்கில் முழுவட்டம் நடந்து பழகுவது, அந்த ஓர் எட்டு தடுமாறாமல் விழுவதற்காக.

அவ்வெட்டை வைப்பதற்கென்று இரண்டு கால்முறைகள் உண்டு. ஒன்றில் முன்வைக்கும் காலின் நுனி உட்புறமாய் வளைந்து மற்றக் காலின் நுனியை நோக்கும். மற்றொன்றில் நுனி வெளிப்புறமாய் விரியும். கேட்பதற்குச் சிறு விஷயம். ஆனால் நேராய்க் கால் வைத்துப் பிறகு உடம்பைத் திருப்புகின்றவன், ஊன்றிய காலின்மேல் முழங்காலை முறுக்குகின்றான். அவனுக்கு வேகமும் போகும், முட்டியும் போகும். காலை வைக்கும்போதே திருப்பி வைத்தவனுக்கோ திருப்பம் பாதி முடிந்தேவிடுகின்றது. உட்புறம் வளைந்த கால் எதிரியின் குதிகாலுக்குப் பின்னே சென்று விழுமானால் அதுவே இடறுகட்டையுமாகும். பிறகு ஒரு தள்ளு போதும். அவன் தன் கனத்தாலேயே வீழ்வான். மல்லராகிய செங் இதனைக் கண்டு மகிழ்ந்திருப்பார் என்பதில் ஐயமில்லை.

எதிரிகள் பலராயின் வட்டத்துக்கு இன்னொரு பயன் உண்டு. நேரே பின்வாங்குகின்றவனை நால்வரும் ஒருங்கே தொடர்வர். அவனுக்கு முதுகிலே கண்ணில்லை. வளைந்து நகர்கின்றவனுக்கோ நால்வரும் ஒருவர்பின் ஒருவராய் வரிசைப்பட்டுப் போவர்; முதல்வனே மற்ற மூவர்க்கும் தடையாவான். இதில் மந்திரம் எங்கே இருக்கின்றது? சந்தைக் கூட்டத்தில் பொதிமாட்டுக்கு ஒதுங்கி நடக்கத் தெரிந்தவனுக்கும் இது விளங்கும்.

சீனச் சொற்களால் மனம் மயங்குவோர்க்கு நம் நாட்டிலேயே சிறந்த உதாரணம் இருக்கின்றது. ஏறு தழுவுகின்றவன் காளையின் கொம்புக்கு நேரே நிற்பதில்லை. பக்கவாட்டில் பாய்ந்து, திமிலைத் தழுவி, காளை சுழலும்போது அதனோடு சுழல்கின்றான். கொம்பின் வட்டம் பெரிது, திமிலின் வட்டம் சிறிது. சிறிய வட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்வரையில் பெரிய வட்டத்தின் கூர்மை அவனைத் தீண்டுவது அரிது. பிடி நழுவி இரண்டு முழம் விலகினானோ, குடல் சரிகின்றது. பாகுவாவின் நெருக்கம் என்னும் கொள்கையை அலங்காநல்லூர் இளைஞனுக்கு எவரும் நூல் வைத்துக் கற்பிக்க வேண்டுவதில்லை.

தாய்ச்சியின் வட்டம் இன்னும் சிறிது. அது காலில் மட்டுமின்றிக் கையின் தோலிலே நிகழ்வது. ஹெனான் மாகாணத்துச் சென் குடியினரின் சிற்றூரில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் வாங்திங் காலத்தது என்று கருதப்படும் இக்கலையை, யாங் லூசான் என்பவர் அங்கே கற்றுப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெய்ஜிங்கிற்குக் கொண்டுசென்றார். இருவர் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி நின்று, ஒருவரை ஒருவர் தள்ளியும் இழுத்தும் பார்ப்பது அதன் முக்கியப் பயிற்சி. தள்ளுகின்ற கையை எதிர்த்துத் தள்ளினால் வலியவன் வெல்வான். அக்கையை ஒட்டியே தன் கையைச் சிறிது உருட்டினால், தள்ளு நெஞ்சைவிட்டு விலகித் தோளுக்கு வெளியே போய்விடும். தள்ளியவன் தன் விசையிலேயே முன்னுக்குச் சாய்வான். குடுமியிலே சுழலும் கதவை அதன் ஓரத்தில் ஓங்கித் தள்ளினவன் உள்ளே போய் விழுவதுபோல. வலிமை குறைந்தவன் வலிமை மிக்கவனுக்கு ஈடுகொடுக்கக் கூடிய வழிகளுள் இது ஒன்று. முதியோர்க்கும் பெண்மக்களுக்கும் இது ஏற்றதென்று கூறுவதன் காரணமும் இதுவே.

இவையெல்லாம் ‘உள்முறை’ என்று ஒரு பெயரால் அழைக்கப்படுவது பற்றியும் ஒரு வார்த்தை. 1669இல் ஹுவாங் சோங்ஷி என்னும் அறிஞர் தம் நண்பரான ஒரு வீரருக்கு எழுதிய கல்லறை வாசகத்திலேதான் உள்முறை, புறமுறை என்னும் பிரிவினை முதன்முதல் தெளிவாய்க் காணப்படுகின்றது. மஞ்சூரியர் ஆட்சியை வெறுத்த அவர், உள்நாட்டது, அயல்நாட்டது என்னும் வேற்றுமையையே மறைமுகமாய்ச் சுட்டினார் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். பிற்காலத்தில் சுன் லூதாங் என்பார் 1915, 1916, 1921 ஆகிய ஆண்டுகளில் ஷிங்யி, பாகுவா, தாய்ச்சி ஆகிய மூன்றைப்பற்றியும் தனித்தனியே நூல் வெளியிட்டு, மூன்றையும் ஒரே குடும்பமாய்க் காட்டினார். அவற்றுள் ஷிங்யி நேர்க்கோட்டில் முன்னேறித் தாக்குவது. ஆகவே உள்முறை என்றாலே வட்டம் என்று நினைப்பது பிழை. வட்டம் அங்கும் ஒரு கருவியே.

இப்போது கம்புக்கு வருவோம். கை சுழல்வதற்கும் கம்பு சுழல்வதற்கும் நியாயம் ஒன்றே. கம்பில் அது கண்ணுக்குத் துலக்கமாய்த் தெரிகின்றது. நின்றவன் நெற்றியளவு உயரமுள்ள மூங்கிற்கம்பின் ஒரு கோடியை இரு கைகளாலும் பிடித்து, ஒரு கையால் தள்ளி மறு கையால் இழுத்தால், பிடியிலே ஒரு சாண் அசைவு முனையிலே பல அடி வீச்சாய் விரிகின்றது. வலுவற்ற கையிலிருந்தும் வலுவான அடி பிறப்பது இதனாலேதான். குத்து தவறினால் கம்பை மீண்டும் இழுத்துக்கொண்டு வரவேண்டும். அந்த இழுப்பிலே ஒரு கணம் வீணாகும். சுற்று தவறினாலோ, தவறிய வீச்சே அடுத்த அடிக்குத் தொடக்கமாய்ச் சுழன்று வருகின்றது. நிற்காமற் சுழலும் கம்பில் அடி எங்கே புறப்படுகின்றது என்பதை எதிரி கண்டுகொள்வதும் கடினம். பலர் சூழ்ந்தபோது சுற்றும் கம்பு ஒருவனைச் சுற்றி ஒருவரும் நுழைய அஞ்சும் ஒரு வெளியை உண்டாக்குகின்றது. வயற்காட்டு வரப்பிலோ இருண்ட ரப்பர்க் காட்டிலோ தனியே அகப்பட்டவனுக்கு அவ்வெளி உயிருக்குச் சமானம்.

குறையும் உண்டு. வேகமெல்லாம் கம்பின் முனையிலே. பிடிக்கு அருகே வேகம் இல்லை. வீச்சுக்குள் துணிந்து புகுந்துவிட்டவன்மேல் அடி வலுவாய் விழாது. பெருவட்டம் சுற்றுகின்றவன் புகுவதற்கு வேண்டிய நேரத்தை எதிரிக்கு அவனே கொடுத்துவிடுகின்றான். இதற்காகவே நல்ல ஆசான்கள் கம்பைக் கையிற் கொடுக்குமுன் காலடியைக் கற்பித்தனர். முன்வைத்து, வளைந்து, பின்வாங்கி, மீண்டும் வேறு கோணத்தில் முன்வரும் சுவடுகளை வெறுங்கையோடு பலநாள் பழகியபிறகே கம்பு கிடைக்கும். எதிரி உள்ளே புகுமுன் தூரத்தைத் திருத்திக்கொள்வது காலின் வேலை. கம்பு சுற்றுவதைக் காலடி தெரியாமல் கற்றவன், அச்சில்லாத வண்டிக்குச் சக்கரம் செய்தவனாவான்.

சீனரும் கம்பிலும் ஈட்டியிலும் இதே முடிவுக்கு வந்திருந்தனர். அவர்கள் ஈட்டிப்பயிற்சியின் முதற்பாடம் மூன்றே அசைவு: முனையால் வெளிப்புறம் ஒரு சிறு வட்டம், உட்புறம் ஒரு சிறு வட்டம், பிறகு நேரே ஒரு குத்து. வட்டம் எதிரியின் ஆயுதத்தை வழியினின்று ஒதுக்குகின்றது. நேர்க்கோடு வேலையை முடிக்கின்றது. ஷாவ்லின் துறவிகளின் புகழும் முதன்முதல் வெறுங்கையால் வந்ததன்று. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் கடற்கொள்ளைக்காரரை எதிர்த்து அவர்கள் தடிகொண்டு போர் புரிந்ததால் வந்தது. அக்கொள்ளைக்காரரை ஒடுக்கிய தளகர்த்தர் சி ஜிகுவாங், படைப்பயிற்சி பற்றிய தம் நூலில், காண்போர் மகிழும்படி பூப்பூவாய்ச் செய்யும் அசைவுகள் களத்துக்கு உதவா என்று கண்டித்திருக்கின்றார். நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அவருக்கு இந்த நோய் தெரிந்திருந்தது!

தமிழ்நாட்டில் கம்பு நிலைத்ததற்கு அரசியற் காரணமும் இருந்ததென்று கருத இடமுண்டு. கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றிலும், மருது சகோதரர் 1801 அக்டோபரில் திருப்பத்தூரிலும் தூக்கிலிடப்பட்டனர். 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனத்தால் தென்பாளையங்களில் படைக்கலங்கள் ஒழிக்கப்பட்டன. ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலத் தளபதி, தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்பித்தவர் சின்ன மருது என்று 1830இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்பில் எழுதியுள்ளார். அவ்வளரியும், சுழன்று சென்று தாக்கும் மற்றொரு வட்டந்தான், நாளடைவில் வழக்கொழிந்தது. வாளையும் வேலையும் துப்பாக்கியையும் பிடுங்கலாம். ஆடு மேய்ப்பவன் கைத்தடியையும் கிழவன் ஊன்றுகோலையும் எந்த ஆளுநர் பிடுங்குவார்? ஆயுதம் இழந்த மக்களிடம் எஞ்சியது மூங்கில்.

அம்மூங்கிலின் வித்தையோடுதான் நம் முன்னோர் கப்பலேறினர். இந்தக் கிரியான் மாவட்டத்துக்கு அவர்கள் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கரும்புத் தோட்டங்களுக்கு. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்களில் மாலைவேளைகளில் பயிலப்பட்ட கம்பு, நாளடைவில் கோயில் திருவிழாவிலும் இறுதி ஊர்வலத்திலும் தப்பொலிக்கு இசைய ஆடும் ஆட்டமாய்ச் சுருங்கியது. எம்.ஜி.ஆர். திரையிலே கம்பு சுழற்றியது அதற்குப் புத்துயிர் கொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை. அதே சமயத்தில், வட்டத்தைப் படம்பிடிக்கும் கருவியின் கண்ணுக்கு ஏற்றபடி பெரிதாக்கியதும் திரையே. எதிரியின் கண்ணுக்குத் தெரியாதபடி சிறியதாயிருக்கவேண்டிய வட்டம், பார்ப்போர் கண்ணுக்குத் தெரியும்படி வளர்ந்துவிட்டது.

சீனர்க்கு நேர்ந்ததும் இதுவே. 1954 ஜனவரி 17இல் மக்காவ் நகரில் தாய்ச்சி ஆசிரியர் வூ கோங்யியும் வெண்கொக்கு முறை ஆசிரியர் சான் ஹக் ஃபூவும் தர்மநிதிக்காகப் பெருங்கூட்டத்தின் முன் மோதினர். இரண்டாம் சுற்றிலேயே நிறுத்தப்பட்டு, வெற்றி தோல்வி இல்லையென்று முடிந்தது. அதன் திரைப்படச்சுருள் இன்றும் இருக்கின்றது. கொக்கையும் காணோம், உருளும் கையையும் காணோம். பழக்கமில்லாத இருவர் கைகளை வீசி அடித்துக்கொள்ளும் காட்சியே மிகுதி. அந்தப் பரபரப்பைப் பயன்படுத்தி மூன்றே நாட்களில் ஹாங்காங் செய்தித்தாளொன்றில் லியாங் யூஷெங் தொடங்கிய வீரக் கதைதான், பறக்கும் வீரர்களைப் பற்றிய புதுவகை நாவல்களுக்கு வழிவகுத்தது என்பது வேடிக்கை. மெய்யான சண்டை ஏமாற்றியது. கற்பனைச் சண்டை கோடிப்பேரைக் கவர்ந்தது. 2017 ஏப்ரலில் செங்டு நகரில் வெய் லெய் என்னும் தாய்ச்சி ஆசிரியரைக் கலப்புச் சண்டைக்காரரான ஷூ ஷியாவ்தோங் அரை நிமிஷத்திற்குள் வீழ்த்தினார்.

இவற்றைக் கொண்டு வட்டம் பொய் என்று முடிவுகட்டுவோர் அவசரப்படுகின்றனர். 1970இல் நம் மலேசியாவின் கூச்சிங் நகரில், அறுபது வயதுள்ள தாய்ச்சி ஆசிரியர் ஹுவாங் ஷிங்ஷியான், மல்யுத்த வீரர் லியாவ் குவாங்செங் என்பவரோடு மோதி 26க்குச் சுழி என்னும் கணக்கில் வென்றதாய்ப் பதிவு இருக்கின்றது. பிடித்தலும் தள்ளலும் கொண்ட போட்டி அது. தொட்டு நிற்கும் நெருக்கத்தில் வட்டம் தன் வேலையைச் செய்தது. தொலைவிலிருந்து வரும் குத்துக்கு முன்னே, மோதிப் பழகாதவன் வட்டம் உதவவில்லை. கணக்கு ஒன்றுதான், அதனைப் பிறர் தடுக்கும்போது செய்து பழகினோமா, காற்றிலே செய்து பழகினோமா என்பதிலே வேற்றுமை.

பழகுவதற்குத் தடையாய் நிற்பவை இரகசியமும் கட்டுக்கதையும். காஞ்சிபுரத்துப் போதிதர்மர் சீனர்க்குப் போர்க்கலை கற்பித்தார் என்று நம்மவர் பெருமை பேசுவதை 2011இல் வந்த ‘ஏழாம் அறிவு’ என்னும் படம் இன்னும் ஊதிவிட்டது. போதிதர்மரை ஷாவ்லின் போர்க்கலையோடு தொடர்புபடுத்தும் ஆதாரம் 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு தேகப்பயிற்சி நூலின் போலி முகவுரைக்கு முன்னே காணப்படவில்லை. அதாவது அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டு கழித்து. இதனை உடைத்தவர் வெளிநாட்டாரல்லர், தாங் ஹாவ் என்னும் சீனரே. ஜப்பானில் சட்டம் பயின்ற அவர், சாட்சியை விசாரிப்பதுபோல் பழங்கதைகளை விசாரித்து, 1930இல் வெளியிட்ட நூலில் போதிதர்மர் கதையையும், தாய்ச்சியைக் கண்டவர் சாங் சான்ஃபெங் என்னும் சித்தர் என்ற கதையையும் ஒருங்கே தள்ளினார். வஸ்தாதுகள் சினந்தனர். அவரோ சென் குடியினரின் ஊருக்கே சென்று, குடிவழி ஏடுகளைப் புரட்டிக் குறிப்பெடுத்தார். தமக்குச் சொந்தமான பெருமையையே தள்ளும் துணிவு அவர்க்கிருந்தது. தமக்குச் சொந்தமில்லாத பெருமையையும் விட மனமில்லாதவர் நம்மிடையே பலர்.

இரகசியத்தை உடைத்ததில் ஷாங்காய் நகரில் 1910இல் தொடங்கிய சின் வூ கழகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு குடும்பத்துக்கோ ஒரு குருவுக்கோ உரிமை என்றிருந்த வித்தைகளை ஒரே மண்டபத்தில் வைத்து, படம் பிடித்து, புத்தகம் அச்சிட்டு, பெண்களுக்கென்று தனிப்பிரிவும் ஏற்படுத்தி, கட்டணஞ் செலுத்திய எவர்க்கும் கற்பித்தனர். 1921இல் கோலாலம்பூரில் கிளை ஏற்பட்டது, ஈப்போவிலும் ஏற்பட்டது. அக்காலத்தில் நம் தோட்டங்களில் கம்புவித்தை யார்க்குக் கிடைத்தது என்று எண்ணிப் பாருங்கள். இன்ன சாதியான், இன்னார் மகன், தட்சிணை வைத்தவன், அதிலும் கடைசி நுட்பத்தை ஆசான் தன் மார்போடு அணைத்துக்கொண்டு சுடுகாட்டுக்குக் கொண்டுபோவான். பெண் கம்பைத் தொடுவதென்ற பேச்சே எழவில்லை. இன்றோ போட்டிகளில் பெண்பிள்ளைகள் கம்பேந்தி நிற்கின்றனர். பையன்களை வெல்லவும் வெல்கின்றனர். வலுவைவிடச் சுழற்சியை நம்பும் கலையில் இது வியப்பன்று. இத்தனை காலம் அவர்களை வெளியே நிறுத்தியதுதான் வியப்பு.

2019இல் மலேசியாவின் சீலாட்டும் 2020இல் தாய்ச்சியும் யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பட்டியலில் ஏறின. சிலம்பத்துக்கும் அந்த மரியாதை வேண்டுமென்று மேடைகளிற் பேசுகின்றார்கள். பேசட்டும். பட்டியலுக்கு முன்னே குறிப்பேடு வேண்டுமே! தாங் ஹாவ் செய்ததுபோல் நம் தோட்டத்து முதியோரிடம் உட்கார்ந்து, கம்பின் நீளம் எவ்வளவு, பிடிக்குக் கீழே எத்தனை விரற்கடை விடுவது, முதற்சுவடு எந்தக் காலில், திரும்பும்போது சுழல்வது நுனிக்காலா குதிகாலா, வீச்சுக்குள் புகுந்தவனை என்ன செய்வது என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு எழுதியவர் யாரையும் நான் இப்பக்கத்தில் கண்டதில்லை. கணக்கப்பிள்ளையின் பேரேட்டுப் புத்தியாற்போலும், பாரிட் புந்தாரைச் சுற்றியுள்ள பழைய தோட்டங்களில் அவ்வேலையை ஞாயிற்றுக்கிழமைகளில் நானே தொடங்கியிருக்கின்றேன். இதுவரையில் இருவர் காலடி காட்டினர். இருவரும் எழுபது கடந்தவர்கள், ஒரே ஆசானிடம் கற்றவர்கள். மூன்றாஞ் சுவட்டில் ஒருவர் நுனிக்காலில் திரும்புகின்றார், மற்றவர் குதிகாலில் திரும்புகின்றார். மற்றவர் மறந்துவிட்டார் என்று ஒவ்வொருவரும் சொல்லுகின்றனர். அடுத்த ஞாயிறு இருவரையும் ஒரே முற்றத்தில், கம்போடு நிறுத்திப் பார்ப்பதாய் ஏற்பாடு.